அறுபது கிராமும் நல்லூர்க் கொடியேத்தமும்

மற்ற ஆக்களின்ரை இடுப்பை அளக்கிறதுதான் தையல்காரியின்ரை தொழில். அவளின்ரை இடுப்பை ஊர் அளக்கத் தொடங்கினால்தான் அதின்ரை கரைச்சல் விளங்கும்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட பவானி அக்காவும் நானும் ஒரு தையல்கடை வைச்சிருக்கிறம். சீனி வருத்தமும் முழங்கால் நோவும் ஒண்டாச் சேர்ந்து ஆட்டிப்படைக்க, கொழும்பிலை போய் இரைப்பையிலை முக்கால்வாசியை வெட்டி எடுப்பிச்சுக்கொண்டு வந்தனான். வெட்டினது ஒருநாள் வேலை. பிறகு யாழ்ப்பாணத்துக் கிளினிக்கிலை சாப்பாட்டு மிஸ் சொன்னதுதான் பெரிய வேலை: நாளுக்கு அறுபது கிராம் புரதம். காணாட்டித் தசை கரையும், மயிர் கொட்டும், கை நடுங்கும். கை நடுங்கிற தையல்காரியிட்டை ஆர் சட்டை தைக்கக் குடுக்கப்போயினம்? வயித்தைச் சுருக்கிப்போட்டு ஒரு முட்டையோடை அரை மணித்தியாலம் மல்லுக்கட்டுற என்ரை கூட்டாளியளே, இது உங்களுக்குத்தான்.

மால்ட் போத்தல்

மெலியிறதுக்கு ஒப்பரேசன் எண்டு சொல்ல எனக்கு வெக்கமாக் கிடந்தது. பித்தப்பையிலை கல்லு எண்டு ஊருக்குச் சொல்லிவிட்டன். நோயாளி பாக்க எங்கடை சனம் வெறுங்கையோடை வருமே? மால்ட் போத்தல், பிஸ்கட், தோடம்பழம், சத்துமா எண்டு அலுமாரி நிறைஞ்சுபோச்சு. எல்லாம் 'சத்து'. பின்பக்கத்து எழுத்தை வாசிச்சுப் பாத்தால், ஒரு கோப்பையிலை ஒரு முட்டையின்ரை புரதம்கூட இல்லை. மிச்சமெல்லாம் சீனியும் மாவும்.

கடையின்ரை பழைய வாடிக்கைக்காரி ஒரு ரீச்சர், இப்ப பென்சன். தானே மால்ட் கரைச்சு, குடிச்சு முடிக்குமட்டும் எழும்பமாட்டன் எண்டு கதிரையிலை குந்திக்கொண்டா. மூண்டு மிடறு குடிச்சன். நெஞ்சு படபடத்து, வேர்த்து, கிணத்தடிக்கு ஓடிப்போய் குடிச்சது முழுக்கச் சத்தியெடுத்தன். திரும்பி வந்தால் மனுசி சந்தோசமா இருக்கிறா.

"சத்தி வந்தால் நல்லது பிள்ளை, கழிவெல்லாம் போகுது. இன்னுமொரு கோப்பை கரைக்கட்டோ?"

சூப் வைச்ச மனுசன்

என்ரை மனுசனுக்குக் கரவெட்டிக் கந்தோர் ஒண்டிலை எழுத்து வேலை. எனக்காக எண்டு சமையல் பழகினவர். ஒருநாள் விட்டு ஒருநாள் கோழியை மிளகு சீரகத்தோடை அவிச்சு, வடிச்சு, தெளிஞ்ச தண்ணியை ஒரு கோப்பையிலை கொண்டுவந்து நீட்டுவார். "இஞ்சேரும், சத்து முழுக்க இதுக்குள்ளைதான் இறங்கியிருக்கு" எண்டு கண் கலங்கச் சொல்லுவார். நானும் ஐஞ்சு ஐஞ்சு மில்லியாக் குடிப்பன். அவிஞ்ச இறைச்சியை வீணாக்கக் கூடாதெண்டு செத்தல் மிளகாய் போட்டுப் பிரட்டி, புட்டோடை அவர் சாப்பிடுவார்.

கிளினிக்கிலை நிறுத்துப் பாத்த மிஸ் யோசிச்சா. சூப்பிலை இறைச்சியை அடிச்சுக் கரைச்சதோ, வடிச்சதோ எண்டு கேட்டா. வடிச்சது எண்டன். அப்ப இறைச்சி எங்கை எண்டு கேட்டா. கூட வந்த என்ரை மனுசன் மேலை சுத்துற காத்தாடியைப் பாத்துக்கொண்டு நிண்டார்.

"அக்கா, உங்கடை புரதம் முழுக்க இவ்வளவு நாளும் அண்ணைதான் சாப்பிட்டிருக்கிறார்."

பொத்தான் பெட்டிக்குப் பக்கத்திலை

பிறகு புரத மா வாங்கினன். யாழ்ப்பாணத்திலை அதை உடற்பயிற்சிச் சாமான் விக்கிற கடையிலைதான் எடுக்கலாம். ஒரு கையாலை தூக்கேலாத பெரிய டின். அதிலை மேற்சட்டை இல்லாத ஒருத்தன் தசையை முறுக்கிக்கொண்டு நிக்கிறான். சுண்ணாம்பைக் கரைச்ச மாதிரி ருசி. ஒரு கரண்டிக்கு மேலை போட்டால் வயிறு திருப்பி அனுப்பும். தயிரிலை அரைக் கரண்டி, பயத்தங் கஞ்சியிலை அரைக் கரண்டி எண்டு ஒளிச்சு ஒளிச்சு உள்ளை தள்ளினன்.

டின்னை மெசினடியிலை பொத்தான் பெட்டிக்குப் பக்கத்திலை வைச்சிருந்தன். கலியாணச் சட்டைக்கு அளவு குடுக்க வந்த கலியாணப் பொம்பிளையின்ரை தாய் டின்னிலை நிக்கிறவனைப் பாத்தா, பிறகு என்னைப் பாத்தா.

"நீங்கள் எந்த ஜிம்முக்குத் தங்கச்சி போறனீங்கள்? எங்கடை மனுசனையும் ஒருக்காச் சேர்த்துவிடுங்கோவன்."

சுறாப்புட்டு

எல்லாரும் இப்பிடியில்லை. வல்வெட்டித்துறைப் பக்கத்திலையிருந்து பாக்கியம் மாமி எண்டொரு வாடிக்கைக்காரி வாறவ. வீட்டிலை எல்லாரும் கடலுக்குப் போற ஆக்கள். ஒருநாள் என்னை மேலும் கீழும் பாத்துப்போட்டு ஒண்டும் கேக்கேல்லை. அடுத்த முறை ஒரு சின்னப் பெட்டியிலை சுறாப்புட்டு கொண்டுவந்தா. மீனை அவிச்சு உதிர்த்து, வெங்காயம் போட்டு, எண்ணெய் குறைச்சு, பஞ்சு மாதிரி. நாலு தேக்கரண்டி நோகாமல் இறங்கிச்சுது. ஒப்பரேசனுக்குப் பிறகு ஒரு சாப்பாட்டை ருசிச்சுச் சாப்பிட்டது அண்டைக்குத்தான். பித்தப்பைக் கதையை நான் திரும்பத் தொடங்க, மாமி கையைக் காட்டி மறிச்சா.

"கல்லு எடுத்த ஆக்கள் இப்பிடி வத்தமாட்டினம் பிள்ளை. நீ எனக்கொண்டும் சொல்லவேண்டாம், இறங்கிற மட்டும் தின்."

நேர்த்தி

அந்த நேரத்திலைதான் நல்லூர் முருகன் கோயில் கொடியேத்தம் வந்தது. எங்கடை வீடு கோயிலுக்குக் கிட்ட. கொடியேறினால் இருபத்தைஞ்சு நாளும் மீன், இறைச்சி எண்டு ஒரு மச்சமும் இல்லை. சட்டி பானையெல்லாம் கழுவிக் கவிட்டுவிடுவம், முட்டையும் வீட்டுக்குள்ளை வராது. வருத்தக்காரருக்கு விலக்கு இருக்குத்தான். ஆனால் கொழும்புக்குப் போக முதல் நான் முருகனிட்டை வாய்விட்டுச் சொல்லிப்போட்டன்: உயிரோடை திரும்பி வந்தால், இந்த முறை ஒருநாளும் தவறாமல் விரதம் பிடிப்பன்.

பயறு, கடலை, சோயா மீற், தயிர் எண்டு பாத்தன். சோயாவும் கடலையும் ரெண்டு கரண்டியிலை வயித்தை அடைச்சுப்போடும். மா குடிச்சால் சத்தி வரும். நாளுக்கு முப்பது கிராமைத் தாண்டவே பெரும்பாடாப் போச்சு. கொடியேறி நாலாம் நாள் இரத்தம் சோதிச்சவை. புரதம் நல்லாக் குறைஞ்சிருந்தது. தேர் முடிஞ்ச கிழமை திரும்பச் சோதிப்பினமாம்; அப்பவும் ஏறாட்டி ஆசுப்பத்திரி வாட்டிலை போட்டு நரம்பாலை ஏத்தவேணுமாம். முட்டை ஏன் சாப்பிடேல்லை எண்டு மிஸ் கேட்டா. நேர்த்தியைச் சொன்னன். அந்தப் பிள்ளை பேனையைக் கீழை வைச்சிட்டுது.

"அக்கா, முருகனுக்கு நான் என்னத்தை எழுதிக் குடுக்கிறது?"

பவானி அக்காவின்ரை முட்டை

தேருக்குச் சட்டை கேட்டு சனம் வாசலிலை நிக்குது. கை நடுங்கி, ஊசி என்ரை நகத்துக்குள்ளாலை இறங்கிச்சுது. ரத்தத்தைத் துடைக்க வந்த பவானி அக்கா, தைச்ச துணியிலை கிடந்த என்ரை மயிர்க் கத்தையை எடுத்துப் பாத்தா. அப்பதான் எல்லாத்தையும் சொன்னன்: ஒப்பரேசன், அறுபது கிராம், வாட்டு, நேர்த்தி. "என்னட்டையுமே பித்தப்பை எண்டு சொன்னனீ?" எண்டு வாய் ஓயுமட்டும் ஏசினா.

பவானி அக்கா பிறவிச் சைவம். முட்டை ரோல் கொண்டுவாற வாடிக்கைக்காரரை றோட்டிலை நிண்டு சாப்பிட்டிட்டு வரச்சொல்லுறவ. அடுத்த நாள் காலமை ஒரு புது அலுமினியச் சட்டியோடை வந்தா. உள்ளை மஞ்சள் தண்ணியிலை மூண்டு முட்டை. எவ்வளவு நேரம் அவிக்கிறதெண்டு தெரியாமல், அடுப்பிலை வைச்சிட்டு முழுகி, சாமி கும்பிட்டு முடிச்சுத்தான் இறக்கினவவாம். மஞ்சள்கரு பச்சையா, மெழுகு மாதிரி. சீலைத் தலைப்பாலை மூக்கைப் பொத்திக்கொண்டு, முகத்தை அங்காலை திருப்பிக்கொண்டு சட்டியை நீட்டினா. அதைப் பாக்க எனக்கு அழுகை நிக்கேல்லை. என்ரை நேர்த்தி என்னாகிறது எண்டு கேட்டன்.

"நீ முட்டை தின்னுற நாளெல்லாம் நான் மத்தியானச் சாப்பாட்டை விடுறன். ஒரே கடையிலை இருக்கிற ரெண்டு பேரிலை ஒராள் விரதம் பிடிச்சால் முருகனுக்குக் காணும்."

ரிப்போட்

கடைசி நாள் தீர்த்தத் திருவிழா வரைக்கும் அப்பிடியே நடந்தது. மத்தியானத்திலை நான் முட்டையைக் கிள்ளிக் கிள்ளி மெல்லுவன். பவானி அக்கா வெறுந்தேத்தண்ணியோடை மெசினை மிதிப்பா. வேண்டாம் எண்டு சொல்லிப் பாத்தன், கேக்கேல்லை. முட்டை திண்டபடியாலை கோயிலுக்கு உள்ளை நான் போகேல்லை. வீதியிலை நிண்டு கும்பிட்டன். மெல்ல மெல்ல மாவும் வயித்திலை தங்கத் தொடங்கிச்சுது. சட்டையள் தேருக்கு முதல் நாள் முடிஞ்சுது.

கிளினிக்குக்குப் பவானி அக்காவும் கூட வந்தா. மிஸ் கடுதாசியைப் பாத்தா, என்னைப் பாத்தா, நல்லா ஏறியிருக்கு, வாட்டுத் தேவையில்லை எண்டா. அந்த வேளையிலை எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. அப்பிடி என்ன சாப்பிட்டனீங்கள் எண்டு மிஸ் கேக்க, நான் வாயைத் திறக்க முதல், பொய்யே சொல்லாத பவானி அக்கா முந்திக்கொண்டா.

"பயறுதான் பிள்ளை. பயறும் கொஞ்சம் கடலையும்."

கூட்டாளியளே, உங்களுக்கு எப்பிடியோ தெரியாது, என்ரை உடம்பிலை ஏறின புரதத்திலை பாதி பவானி அக்கா சாப்பிடாமல் விட்ட மத்தியானச் சோறு.