கிராஃபிக்ஸ் கார்டுக்கு வைத்த பொட்டு

என் மச்சினனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் முதலில் கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்வேன். என் மனைவியின் தம்பி. கம்பத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறான்; நான் உத்தமபாளையத்தில். நடுவில் இருப்பது ஒரு சின்ன பஸ் பயணம். எனக்கு அந்தத் தூரம் போதவில்லை. சில வருடம் கொச்சியில் வேலை பார்த்தவன் என்பதால் நல்ல படத்தைப் பார்த்தால் மலையாளத்தில் ‘அடிபொளி’ என்பான். என் படங்களைப் பார்த்தால் ‘நல்லாருக்கு மச்சான்’ என்பான்.

போன வருடம் தன் கம்ப்யூட்டருக்குப் புதிய கிராஃபிக்ஸ் கார்டு போட்டான். பார்க்கப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். மணப்பெண்ணின் முகத்தை அவன் ஜூம் செய்தால் படம் மூக்குத்திக் கல்வரைக்கும் எண்ணெய் தடவியதுபோல வழுக்கிக்கொண்டு போனது. என் கம்ப்யூட்டரில் அதே காரியத்துக்கு ஜூமை அழுத்திவிட்டு, எதிர்க்கடையில் ஒரு வடை தின்றுவிட்டு வரலாம். “நீங்க ஓட்டிப் பாருங்க மச்சான்” என்று மவுஸை என் கையில் கொடுத்தான். கொடுக்காமல் இருந்திருந்தால் கர்வம் பிடித்தவன் என்றாவது ஊருக்குள் சொல்லியிருப்பேன். அதற்கும் வழி இல்லாமல் செய்துவிட்டான்.

பொறாமையைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். எல்லாப் புத்தகமும் அது கூடாது என்கிறது. வந்துவிட்டால் எந்தக் கார்டு வாங்குவது என்று ஒன்றும் சொல்வதில்லை. நானே முடிவுசெய்து, அவனுடையதைவிட ஒரு நம்பர் மேலான கார்டை வரவழைத்தேன்.

அது வந்து சேர்ந்தது ஆயுத பூஜைக்கு முதல் நாள். பிரித்து மாட்டப்போனவனை மனைவி தடுத்தாள்.

“புதுப்பொருளப் பூசைக்கு வைக்காம மாட்டப்போறீகளாக்கும்?”

எங்கள் பக்கத்தில் இதற்கு மறுபேச்சு கிடையாது. அன்றைக்குக் கத்தரிக்கோல், தையல் மிஷின், டிராக்டர், கரண்ட் மீட்டர்பெட்டி என்று எதுவும் சந்தனம் குங்குமம் இல்லாமல் தப்பாது. என் ஸ்டுடியோவில் லென்ஸ் கண்ணாடிக்கு மட்டும் விலக்கு. கார்டை நடுவில் வைத்தேன். அதில் கண்களைப்போல இரண்டு சின்ன ஃபேன்கள். இரண்டின் நடுவிலும் பொட்டு வைத்தேன். அப்புறம், சாயங்காலம் பொரி வாங்க மச்சினன் வருவான், பார்வை பட்டுவிடக் கூடாதே என்று, சந்தனத்தை இன்னும் கொஞ்சம் தளதளவென்று குழைத்துத் தாராளமாக அப்பினேன். அவன் கார்டின் மேல் மாதக்கணக்காகக் கண் வைத்திருந்தவன் நான். திருஷ்டிக்குப் பயந்தவனும் நான்தான்.

பூஜை முடிந்து, கார்டு மாட்டி, முதல் பத்து நிமிடம் சொர்க்கம். என் மவுஸும் வழுக்கியது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “தம்பிகிட்ட இருக்கிற மாதிரியே இருக்கே” என்றாள். அதையும் தாங்கிக்கொண்டேன். பதினோராவது நிமிடத்தில், அப்போது நான் செய்துகொண்டிருந்த கல்யாண ஆல்பத்தின் மணப்பெண் முகம் கட்டம் கட்டமாகக் கறுத்து, தாயக்கட்டம் மாதிரி ஆனது. கார்டில் சிக்கல், இனி கார்டின் உதவி இல்லாமல்தான் ஓடுவேன் என்று சாப்ட்வேர் அறிவித்தது. அதன்பின் பிரஷ்ஷை நான் இழுத்தால் கோடு மறுவீட்டு விருந்தாளி மாதிரி சாவகாசமாகப் பின்னால் வந்தது.

அந்த மணப்பெண் அனுமந்தன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் மூத்த மகள். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையுடன் வெளிநாட்டுக்கு விமானம் ஏறுகிறாள். ஆல்பம் அவள் பெட்டியில் போக வேண்டும். மதுரையில் அச்சடித்து வர மூன்று நாள் ஆகும் என்பதால் நாற்பது பக்கமும் திங்கட்கிழமை மாலைக்குள் முடிய வேண்டும். பெண்ணின் அம்மா தினமும் சந்தைக்கு வரும் சாக்கில் எட்டிப்பார்ப்பார்.

“என்னண்ணே, முடிஞ்சிருமா? இல்ல, கம்பத்துல ஒங்க மச்சினர்கிட்டக் குடுத்துருவமா? தை மாசம் சின்னவ கல்யாணத்துக்கும் ஆள் பாக்கணும்ல.”

“முடிஞ்சிரும்த்தா” என்றேன்.

பிறகு நான் செய்த வைத்தியங்கள் பல. கார்டை இயக்கும் டிரைவர் புரோகிராமைப் புதுப்பித்தேன், பத்து நிமிடம் நன்றாக ஓடியது, அதுதான் காரணம் என்று மார்தட்டினேன், மறுபடி கட்டம். பழைய டிரைவருக்கே திரும்பினேன். மறுபடி பத்து நிமிடம். ‘கிராஃபிக்ஸ் பிராசஸரைப் பயன்படுத்து’ என்ற இடத்தில் டிக்கை எடுத்து, மூடி, திறந்து, டிக்கைத் திரும்பப் போட்டேன். செட்டிங்ஸ் எல்லாவற்றையும் அழித்ததில், வருடக்கணக்காகச் சேர்த்துவைத்த என் பிரஷ்களும் சேர்ந்து போயின. சாப்ட்வேரையே கழற்றி மறுபடி ஏற்றினேன். ஒவ்வொரு வைத்தியத்துக்கும் பத்து நிமிடம் குணம் தெரிந்ததுதான் என்னைக் கெடுத்தது. நான் சிந்தித்துக்கொண்டிருந்த இடைவெளியில் கார்டு ஆறிக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தோன்றவில்லை. டிக்கை எடுத்துவிட்டு, கார்டின் துணை இல்லாமலே வேலை செய்திருக்கலாம். செய்து பார்த்தேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம்கூட முடியவில்லை. அந்தக் கணக்குக்கு அந்தப் பெண் ஒரு பிள்ளை பெற்றுத் திரும்பும்போதுதான் ஆல்பம் கொடுக்க முடியும்.

ஞாயிறு காலை, பதினைந்து பக்கம் பாக்கி இருக்கையில், வேறு வழியில்லாமல் மச்சினனுக்குப் போன் செய்தேன்.

“மாப்ள, சின்னமனூர்ல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு ஒரு பிரச்சனை” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

கவனமாகக் கேட்டான். “சைடு மூடியத் தொறந்து ஃபேன் சுத்துதான்னு பாக்கச் சொல்லுங்க மச்சான்.”

“சூடாகாதப்ப ஃபேன் சுத்தாது மாப்ள. இப்ப வர்ற கார்டெல்லாம் அப்படித்தான். படிச்சிருக்கேன்.”

“சரி, சூடாகுறப்ப?”

ஃபேன் அசையாமல் நின்றதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது நின்றாலும் பரவாயில்லை என்று படித்திருந்ததால் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அந்தச் சின்னமனூர்க்காரர் வீட்டுல எங்கக்கா சத்தம் கேக்குதே” என்றான். “இருங்க, வர்றேன்.”

மதியத்துக்குள் வந்துவிட்டான். ஸ்டுடியோவுக்கு மேல்தான் எங்கள் வீடு என்பதால் தம்பி வந்த செய்தி கேட்டு மனைவியும் டீயுடன் இறங்கி வந்தாள், எனக்கு வருவதைவிடக் கெட்டியான டீ. மச்சினன் கார்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். சந்தனம் பொட்டிலிருந்து வழிந்து ஃபேனுக்கும் சட்டத்துக்கும் நடுவே இறங்கி, சுண்ணாம்புபோலக் காய்ந்து, இரண்டு ஃபேனையும் கெட்டியாகப் பிடித்திருந்தது.

சிரிப்பான் என்று காத்திருந்தேன். சிரித்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். பல்குச்சி கேட்டு வாங்கிச் சுரண்ட ஆரம்பித்தான்.

“பக்தி கொஞ்சம் ஓவராப் போச்சு மச்சான்.”

“பக்தியெல்லாம் இல்லடா” என்றாள் என் மனைவி. “கண்ணு பட்டுரும்னு அவுகதான் ரெண்டாந்தரமும் அள்ளி அப்புனாக.”

“யாரு கண்ணுக்கா?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் டீயைப் பார்த்தேன். அவன் அதற்குமேல் கேட்காமல் இன்னொரு பல்குச்சியை எடுத்தான்.

மாட்டியதும் கார்டு பத்து நிமிடம் ஓடியது, அரைமணி ஓடியது, ஃபேன் ஒரு தடவை உறுமிவிட்டு அமைதியாகச் சுற்றியது. சோதித்துப் பார்ப்பதற்காகத் திரையில் திறந்திருந்த ஒரு படத்தில் அவனே வேலை செய்தான். பெண் காரில் ஏறுமுன் அம்மாவின் தோளில் முகம் வைத்து அழுகிற படம். நான் அதை ஏற்கெனவே முடித்து வைத்திருந்தேன். அவன் ஜூம் செய்தான், இங்கே கொஞ்சம் இருட்டினான், அங்கே கொஞ்சம் மஞ்சளைக் குறைத்தான். டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டு, “ஓடுது மச்சான், இனி நீங்க பாருங்க” என்று பஸ் பிடிக்கப் போய்விட்டான். பழையபடி மாற்றிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். மாற்றவில்லை. அவனுடையது நன்றாக இருந்தது.

ஆல்பம் திங்கட்கிழமை மதுரைக்குப் போய், வியாழக்கிழமை பெண்ணின் பெட்டிக்குள் போனது. இரண்டு வாரம் கழித்து பெண்ணின் அம்மா கடைக்கு வந்து, மகளை வீடியோ காலில் கூப்பிட்டு என் முகத்துக்கு நேரே போனை நீட்டினார். அந்தப் பெண் ஆல்பத்தை விரித்துக் கேமராவுக்குக் காட்டினாள். நாற்பது பக்கத்தில் வேறு எதுவும் அவள் கண்ணில் படவில்லை.

“இந்தப் படந்தாண்ணே. இதத் தெனம் பாக்குறேன். எப்படிண்ணே இப்படிச் செஞ்சீக?”

நிஜத்தைச் சொல்ல எனக்கு நேரம் நிறையவே இருந்தது. லைன்கூடத் தெளிவாக இருந்தது.

“அனுபவம்த்தா” என்றேன்.

தை மாதக் கல்யாணம் எனக்கே வந்தது. அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: சின்னவளுக்கும் அந்த அழுகைப் படம் மாதிரியே ஒன்று வேண்டும். சின்னவளும் அழுதாள், நன்றாகவே அழுதாள். நானும் நல்ல இடத்தில் நின்று எடுத்தேன். இப்போது மூன்று நாளாக அந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். கார்டில் ஒரு குறையும் இல்லை. நினைத்த இடத்துக்கு நினைத்த வேகத்தில் போகிறது. எங்கே போக வேண்டும் என்றுதான் எனக்குத் தெரியவில்லை. இருட்டினால் அழுக்காகிறது. மஞ்சளைக் குறைத்தால் பெண் காய்ச்சல்காரியாகிறாள்.

“தம்பிகிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன?” என்கிறாள் மனைவி.

கேட்கலாம். ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவான். மறைக்கவும் மாட்டான், சிரிக்கவும் மாட்டான். எதற்கென்று கேட்டால் அந்த வீடியோ காலைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். நான் இன்னொரு தடவை ஜூம் செய்கிறேன்.