பூஜையில் வைத்த நாடகப் புத்தகம்

காலையில் பால் வாங்கப் போனால் கடைக்காரர் என்னிடம் இங்கிலீஷில் பேசுகிறார். நான் பிறந்தது இதே புதுச்சேரியில்தான். இங்கிலீஷ் எனக்கு வராது. கழுத்தில் சுற்றிய மஃப்ளரைப் பார்த்துப் பேசுகிறார் போலிருக்கிறது. "அர லிட்டரு குடுப்பா" என்றால், "தமிழ் நல்லா பேசுறீங்களே சார்" என்கிறார். பாரீஸுக்கு வெளியே நான் குடியிருக்கும் தெருவிலும் இத்தனை வருஷமாக, பிரெஞ்சு நன்றாகப் பேசுகிறீர்களே என்றுதான் சொல்கிறார்கள். அங்கே இருக்கும் நம்மவர்களுக்கு இது புரியும்.

என் மனைவி வீட்டாருக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி. அவளைக் கட்டிக்கொண்டதால் நானும் போனேன், கார் ஃபேக்டரியில் ஸ்பேனர் பிடித்தேன். அவள் கண்ணை மூடிய பிறகு அந்த வீட்டில் பேச ஆளில்லை. மகள் செல்வி இங்கே கருவடிக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். இந்தத் தடவை வருவதற்கு மட்டும்தான் டிக்கெட் எடுத்தேன், திரும்பிப் போக எடுக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. பேத்தி யாழினி பக்கத்தில் இருந்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

யாழினி ஏ லெவல் படிக்கிறாள். ப்ளஸ் டூ மாதிரிதான், ஆனால் இங்கிலாந்துப் பாடம். அதில் இங்கிலீஷ் இலக்கியம் எடுத்திருக்கிறாள். ஒரே நாடகத்தை மாதக்கணக்கில் படிக்கிறாள். அதில் ஒரு பெண் ஏன் பதில் சொல்லாமல் நின்றாள் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறாள்.

"ஏன் பேசலன்னு அந்தப் புக்குலயே போட்டிருக்க மாட்டானா?" என்று கேட்டேன்.

"போடலையே தாத்தா. அதனாலதான் கேள்வியே."

ஆயுத பூஜை வந்தது. என் அப்பாவுக்குச் சைக்கிள் கடை. பூஜைக்குப் பம்பும் ஸ்பேனரும்தான் வைப்போம். பள்ளிக்கூடம் போகாத வீட்டில் புத்தகத்துக்கு எங்கே போவது. பிரான்ஸிலும் ஃபேக்டரி ஸ்பேனரைத்தான் வைத்தேன். இந்த வருஷம் யாழினி மேஜையில் அந்த நாடகம் ரெண்டு காப்பி கிடந்தது. ஒன்று முழுக்கப் பென்சில் கிறுக்கல். இன்னொன்று புத்தம் புதுசு. சாமிக்கு நல்லதைத்தானே வைக்க வேண்டும். புதுசின் முதல் பக்கத்தில் மஞ்சளால் பிள்ளையார் சுழி போட்டேன். நாலு மூலையிலும் குங்குமம் வைத்தேன். என் பூஜையில் முதல் புத்தகம்.

சாயங்காலம் யாழினி அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "புக்கப் பாத்தே எழுதுற டெஸ்ட்டு, அதுக்குக் கொண்டுபோற புக்கு தாத்தா இது. உள்ள குறிப்பு, கிறுக்கல்னு ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது." அந்த டெஸ்ட் மார்க்கைத்தான் லண்டன் காலேஜுக்கு அனுப்புவார்களாம்.

"இப்ப யாருப்பா புக்குல குங்குமம் வைக்கிறாங்க?" என்றாள் செல்வி. "நீங்க கிளம்பிப் போனப்ப இருந்த புதுச்சேரிய அப்படியே பொட்டியில கட்டி வச்சிருக்கீங்க."

லீவு முடிந்து டெஸ்ட் அன்றைக்கு, டீச்சரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று ஆட்டோவில் கூடப் போனேன். ஊருக்கு வெளியே பள்ளிக்கூடம். டீச்சர் இங்கிலாந்துக்கார அம்மா. சுழியைக் காட்டி இது என்ன என்று கேட்டார். "ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி போடுறதும்மா" என்றேன். யாழினி அதை இங்கிலீஷில் சொன்னாள். அந்த அம்மா முகம் மாறியது.

"கட்டுரை முன்னுரைக்கு எழுதி வச்ச குறிப்பான்னு கேக்குறாங்க தாத்தா." சிரிப்பை அடக்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு சொன்னாள்.

எவ்வளவோ சொல்லியும் புத்தகத்தை உள்ளே விடவில்லை. லைப்ரரியிலிருந்து அட்டை கிழிந்த ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். நான் வெளியே பெஞ்சில், குங்குமம் வைத்ததை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளை நன்றாக எழுத வேண்டும் என்று வேண்டிக்கொண்டே இருந்தேன். நன்றாக எழுதினால் போய்விடுவாள் என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்காக வேண்டுதலை மாற்ற முடியுமா.

சிரித்துக்கொண்டே வந்தாள். "சூப்பரா எழுதிட்டேன்." ஆட்டோவில் ஏறியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "லண்டன்ல சேந்துட்டா லீவுக்கெல்லாம் பாரீஸுக்கு, உங்க வீட்டுக்கே ரயில்ல வந்துடுவேன். அங்க எனக்கு வேற யாரு இருக்கா? நீங்க அங்கதான இருப்பீங்க?"

திரும்பிப் போக எடுக்காத டிக்கெட் ஞாபகத்துக்கு வந்தது. "அங்கதான் இருப்பேன். வேற எங்க போவப்போறேன்."

என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். உப்புக்காற்று முகத்தில் அடித்தது. இதற்காகத்தான் வந்தேன். ஆனால் கருவடிக்குப்பத்தில் ஆட்டோ நின்றபோது நான் மனசுக்குள் அங்கே, பாரீஸ் வீட்டில், பின்னறை ஹீட்டரைத் திருகி, அவள் வருவதற்குள் அறையைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன்.