சித்தப்பாவின் புகையிலை விரதம்

சித்தப்பா விரதம் இருந்தால் அவதிப்படுவது நாங்கள்தான்.

ஸ்ரீரங்கத்தில் பூக்கடை வைத்திருந்தார். எந்நேரமும் கன்னத்தில் புகையிலையை அதக்கியிருப்பதால், எங்கள் கூட்டுக்குடும்பத்தில் அவர் பேச்சு பாதி தலையாட்டலிலேயே நடக்கும். வாய்க்குள் வெள்ளையாகத் திட்டு விழுந்து, காரம் பட்டால் துடித்தார். புகையிலையை விடாவிட்டால் புற்றுநோயில்தான் கொண்டுபோய் விடும் என்றார் டாக்டர். "எங்கப்பா போடாத போயிலையா?" என்று சித்தப்பா வீறாப்பாகக் கேட்டார். ஆனாலும், யாரும் இல்லாதபோது கண்ணாடி முன் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த மாசியில் பூச்சொரிதலுக்குச் சமயபுரம் பூக்கூடை கொண்டுபோனவர், திரும்பி வந்து, "ஆத்தா நமக்காகப் பட்டினி கெடக்குறா. நானும் போயிலைய விட்டுட்டேன்" என்றார். ஊர் நன்றாக இருக்க அம்மனே பச்சைப்பட்டினி கிடந்து, பங்குனியில் விரதம் முடிக்கிற கோயில் அது. அம்மன் நீர்மோரும் பானகமுமாகச் சாந்தமாக இருந்தாள். சித்தப்பாதான் கிராம்பை மென்றபடி எல்லார் மேலும் எரிந்து விழுந்தார். உப்புக் குறைந்தது என்று தட்டே பறந்தது. சித்தி வேறு தட்டில் சோறு போட்டு வைத்தாள்.

விரதம் முடிந்த அன்று வீட்டில் பாயசம். சாப்பிட்டுக் கை கழுவியவர் நேராகப் பெட்டிக்கடைக்குப் போனார். கன்னம் உப்பத் திரும்பி வந்தார்.

"ஆத்தா முடிச்சுட்டா. நானும் முடிச்சுட்டேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சித்தப்பா புகையிலையை விட்டுவிட்டார் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்து வைத்திருந்தேன். சித்தி ஒரு பிடி பிடிப்பாள் என்று காத்திருந்தேன். அவளோ, "இத்தனை நாள் இருக்க முடிஞ்சுதே உங்களால" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிட்ட எச்சில் இலையை எடுத்துக்கொண்டு போனாள். இவளுக்குச் சாமர்த்தியமே போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுவருடமும் அதே கிராம்பு, அதே எரிச்சல். விரதம் முடிந்த அன்று பாயசம் குடித்துவிட்டுச் சித்தப்பா செருப்பை மாட்டினார். சித்தி தலை நிமிரவில்லை. திரும்பி வந்தபோது அவர் கையில் எங்களுக்குக் கடலை மிட்டாய் இருந்தது. கன்னம் உப்பியிருக்கவில்லை.

"சித்தப்பா போயிலை போடலை" என்று வீடு முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

சித்தி என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். நல்ல சேதி சொன்னதற்கு யாராவது கிள்ளுவார்களா? அன்று முழுவதும் அவளோடு பேசவில்லை. கிள்ளிய கையோடு அவள் அடுப்படிக்குப் போய்ச் சமயபுரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டதைப் பார்த்தேன். அப்போதும் என்மேல் கோபம் என்றுதான் நினைத்தேன்.