சத்தியவேடு பஸ் எத்தனாவது பிளாட்பாரம்?

இன்னிக்கு சாயங்காலம், திருப்பதி பஸ் ஸ்டாண்டு. பக்கத்துல ஒரு அக்கா. கழுத்துல ஸ்ரீ சிட்டி கம்பெனி கார்டு. போனை விரலால தள்ளிக்கினே இருந்தாங்க.

"இன்னா நைனா இது! சத்தியவேடு பஸ்ஸு எங்க நிக்கும்னு கேட்டா, 'திருப்பதி பேருந்து நிலையம்: ஓர் அறிமுகம்'னு போட்டுகீறான். நான் அதுலதான் குந்திக்கினு கீறேன், எனக்கு எதுக்கு அறிமுகம்?"

எட்டிப் பார்த்தேன். நான் எழுதின கட்டுரை!

நான் ரெண்டே வரியிலதான் எழுதிக் குடுத்தேன். எங்க ஆபீஸ் சார்தான், "சின்னதா இருந்தா நெட்டுல தேடும்போது மேல வராதுப்பா, ரெண்டாயிரம் வார்த்தையாவது வேணும்"னார். அதனால 'பேருந்துப் பயணத்தின் நன்மைகள்' வரைக்கும் இழுத்தேன்.

அக்கா இப்போ நன்மைகள்ல இருந்தாங்க.

"இன்னும் கீழ போங்கக்கா, கடைசி பாராவுல இருக்கு."

"உனுக்கு எப்டி தெரியும்?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, நகர்ற பஸ்ல இருந்து கண்டக்டர் ஏறச் சொல்லி தெலுங்குல கத்தினார்: "சத்தியவேடு! எக்கண்டி, எக்கண்டி!"

எனக்கும் அதே பஸ்தான். ரெண்டு பேரும் ஓடிப்போய் ஏறினோம்.

"அத்த எழுதுனவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்"னு அக்கா பல்லைக் கடிச்சாங்க. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கினேன்.

அப்பப் பார்த்து சார் போன். "நம்ம கட்டுரைதான்பா இப்ப மொதல்ல வருது! ஜனங்க ரொம்ப நேரம் இருந்து படிக்கிறாங்க!"

'படிக்கல சார், தேடறாங்க'ன்னு சொல்லியிருப்பேன். அக்கா பக்கத்து சீட்டு.

அது சரி, எத்தனாவது பிளாட்பாரம்னு நீ இன்னும் சொல்லவே இல்லையேன்றீங்களா?

பழக்க தோஷம்.