அண்ணன் முடித்த ராக்கெட்

எங்கள் வீட்டு வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் ஒரு ராக்கெட் நிற்கிறது. ஒரு முழ உயரம் இருக்கும். உடம்பெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கள், கீழே நான்கு வால் இறக்கைகள். வருகிறவர்கள் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துக்கொள்வார்கள். விளையாட்டுச் சாமான் இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரன் லண்டன் மேல் ஏவினானே, அந்த ராக்கெட்டின் அச்சு அசலான சின்ன உருவம். அதைப் பார்த்தவர்கள் வாய்விட்டுப் பாராட்டுவார்கள். நான் மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அதை வாங்கி வந்தவன் என் அண்ணன் மகன். சிங்கப்பூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. விடியும் முன்னே ஸ்கூடாயில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பி எல்லைப் பாலம் தாண்டிப் போவான், இருட்டியபின் வருவான். ஆறு நாள் அப்படி ஓடுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் உயிர். மாதா கோவிலில் பூசை முடிந்து வந்ததும் அறைக்குள் போய் உட்கார்ந்து, பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளை வெட்டி, ஒட்டி, சாயம் அடித்துக்கொண்டிருப்பான். கப்பல், டாங்கி, விமானம் என்று ஏதேதோ செய்திருக்கிறான். செய்து முடித்ததும் யாராவது நண்பன் கேட்டால் தூக்கிக் கொடுத்துவிடுவான். செய்வதில்தான் அவனுக்கு ஆசை, வைத்திருப்பதில் இல்லை. அதனால் அந்த ராக்கெட் ஒன்றுதான் வீட்டில் மிஞ்சியது, அதுவும் பாதியில்.

என் அண்ணிக்கு அது வீட்டுக்குள் வந்த நாளிலிருந்தே ஆகவில்லை. “கொல்ற சாமான எதுக்குடா மாதா இருக்கிற வீட்டுக்குள்ள கொண்டு வர்றே?” என்று சத்தம் போட்டார். அவன் சிரித்துக்கொண்டே, “மா, இது விழுந்து செத்தவங்கள விட இதைச் செஞ்சு செத்தவங்கதான் அதிகம். கைதிங்களப் புடிச்சு மலைக்குள்ள சுரங்கத்துல வச்சு வேலை வாங்குனாங்க” என்றான். “அப்போ இன்னும் நல்லதா போச்சு லா!” என்றார் அண்ணி. எங்கள் குடும்பத்திலும் அதே போரில் ஜப்பான்காரனுக்குச் சயாம் ரயில் பாதை போடப் போய்த் திரும்பாத ஆள் உண்டு. அதைச் சொல்லி நானும் அண்ணியோடு சேர்ந்து அவனைத் திட்டினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கல்யாணம் கட்டாமல் அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்ட அத்தைக்கு வேறு எதில் உரிமை இருக்கிறது?

அவன் சொன்னதில் ஒன்று என் அண்ணன் மனதில் தங்கிவிட்டது. அந்த ராக்கெட் சத்தத்தைவிட வேகமாக வருமாம். முதலில் வெடிக்கும், வந்த சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்கும். “செத்தவனுக்குச் சத்தமே கேட்டிருக்காதுப்பா” என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். அண்ணன் அப்போது தலையை மட்டும் ஆட்டினார்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், வீட்டிலிருந்து வெகுதூரம் கூடப் போகாத இடத்தில், பின்னால் வந்த லாரி அவனை அடித்துவிட்டது. அதற்குமேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு வராது. மோட்டார் சைக்கிள் உருத்தெரியாமல் போனது. கைப்பேசி நொறுங்கியது. உறவுக்காரர்கள் வந்தார்கள், நல்லது செய்வதாக நினைத்து, பார்த்துப் பார்த்து அழக்கூடாது என்று சொல்லி, அவன் சட்டை துணியெல்லாம் கட்டி ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். தலையணை உறையைக்கூட யாரோ துவைத்துப் போட்டுவிட்டார்கள். அண்ணி வெயிலில் காய்ந்த அந்த உறையை முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சோப்பு வாசம்தான் அடிக்கிறது என்றார். அந்த வீட்டில் தன் பிள்ளையினுடையது என்று கையில் பிடிக்க ஒன்றாவது கிடைக்காதா என்று அவர் அலைந்ததை நான் கண்ணால் கண்டவள்.

அண்ணன் வேறு வழியில் போனார். மகனின் அறையில் மேசை மேல் அந்த ராக்கெட் அப்படியே நின்றது. உடம்பும் வால் இறக்கைகளும் ஒட்டி முடிந்து, அடிச்சாயம் பூசியிருந்தது. மற்றத் துண்டுகள் பெட்டியில் கிடந்தன. “பாதியில விட்டுட்டுப் போய்ட்டான் பய. நான் முடிச்சுக் கொடுக்கிறேன், தங்கச்சி. கல்லறைத் திருநாளைக்குக் கொண்டுபோய் அவன் கல்லறையில வைக்கணும்” என்றார். அண்ணன் அதிகம் பேசாதவர். அவர் ஒன்றை நினைத்துவிட்டால் அதை மாற்ற மாதாவே இறங்கி வந்தாலும் முடியாது.

அவர் காருக்குச் சாயம் அடிக்கிற பட்டறையில் முப்பது வருடத்துக்கும் மேலாக வேலை பார்த்தவர். அடித்த சாயத்தில் ஒரு கொசு வந்து ஒட்டிக்கொண்டால் கதவு முழுவதையும் தேய்த்துவிட்டுத் திரும்ப அடிக்கிற ஆள். முதலாளி போதும் என்றாலும் கேட்கமாட்டார். இந்தச் சின்னச் சாமானிலும் அதே பிடிவாதம்தான். மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டார். படம் போட்ட வழிகாட்டித் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு துண்டாகப் படித்தார். வெள்ளைச் சதுரத்தின் ஓரம் கறுப்பில் கசியாமல் இருக்க நாடா ஒட்டி, காய வைத்து, பிரித்து, திருப்தி இல்லாமல் மறுபடியும் ஒட்டினார். வேலை செய்யும் நேரத்தில் சில சமயம் தலை நிமிராமல் என்னிடம் கேட்பார்: “தங்கச்சி, அவனுக்கு லாரிச் சத்தம் கேட்டிருக்குமா?”

“கேட்டிருக்காதுண்ணே. மழை, ஹெல்மெட் வேற.”

“கேக்காம இருந்தா பரவால்ல” என்பார். அடுத்த வாரம் அதையே கேட்பார். நானும் அதையே சொல்வேன். எனக்கு என்ன தெரியும்? அப்படிச் சொல்லாமல் வேறு எதைச் சொல்லுவது?

அண்ணி அந்த வேலையின் பக்கமே வரமாட்டார். “அந்தச் சனியன என் பிள்ளை கல்லறைக்குக் கொண்டு போவாதீங்க” என்று ஒருமுறை அழுத்தமாகச் சொன்னார். அண்ணன் காதில் வாங்கவில்லை. நான் அண்ணிக்கு ஆதரவாகப் பேசுவதாக நினைத்து, “தூக்கிக் குப்பையில போடுங்கண்ணி, ஒழியட்டும்” என்றேன். அவ்வளவுதான். என் மேல் பாய்ந்தார். “கை வச்சுப் பாரு அது மேல! கைய முறிச்சிடுவேன்!” என்னடா இது, வைத்தாலும் குற்றம், போட்டாலும் குற்றமா என்று நான் முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டேன். அண்ணன் பட்டறைக்குக் கிளம்பிய பிறகு அண்ணி ஒரு துணியை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தூசி தட்டுகிறார் என்று நினைத்தேன்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் வேலையை முடித்தார். அன்று காலையிலிருந்தே பின்கட்டில் ஒரு வாளித் தண்ணீரோடு உட்கார்ந்து, உப்புத்தாளால் தேய்ப்பதும் சாயம் அடிப்பதுமாக இருந்தார். சாயங்காலம் காய்ந்ததும் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து ராக்கெட்டை நிறுத்தி, எங்களைக் கூப்பிட்டார். நிஜமாகவே அழகாக இருந்தது. பல மாதத்துக்குப் பிறகு அண்ணன் முகத்தில் அன்றுதான் வெளிச்சத்தைப் பார்த்தேன்.

அண்ணி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். ராக்கெட்டின் உடம்பைப் பார்க்கவில்லை. சதுரங்களைப் பார்க்கவில்லை. நேராக வால் பக்கம் குனிந்து ஓர் இறக்கையின் மேல் கட்டைவிரலை வைத்தார். மேலும் கீழும் தடவினார். பிறகு ராக்கெட்டைத் திருப்பி அடுத்த இறக்கையைத் தடவினார். அதற்கடுத்ததையும், கடைசி ஒன்றையும் தடவினார். மறுபடி முதலாவதுக்கே வந்தார்.

“இதுல ஒண்ணு இருந்துச்சே?” என்றார்.

“அட, நீயும் பார்த்தியா?” அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “பய ஈரச் சாயத்துல கைய வச்சிருக்கான். கட்டைவிரல் ரேகை அப்படியே பதிஞ்சு கிடந்துச்சு. காலையில தேய்ச்சு எடுத்துட்டேன். இப்ப தடவிப் பாரு, வழுவழுன்னு இருக்கும். இருந்த இடமே தெரியாது.”

அண்ணி இறக்கையிலிருந்து விரலை எடுத்தார். பிறகு, “நல்லா இருக்குங்க” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனார்.

நான் பின்னாலேயே போனேன். பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு, அந்தச் சத்தத்துக்குள் சொன்னார். அவன் போவதற்கு முந்தின ஞாயிறு. சோறு ஆறிப்போகிறது என்று அண்ணி கத்தியிருக்கிறார். அவன் அவசரத்தில் ராக்கெட்டை நகர்த்தப் போய் ஈர இறக்கையைப் பிடித்துவிட்டான். “அலமாக்! மா, உங்களாலதான்!” என்று கோபப்பட்டிருக்கிறான். “காயட்டும், அடுத்த வாரம் தேய்ச்சுக்கிறேன்” என்றானாம். அந்த ரேகையில்தான் அண்ணி தினமும் காலையில் தன் விரலை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். கையில் துணி வைத்திருந்தது, யாராவது வந்தால் தூசி தட்டுகிற மாதிரி காட்டிக்கொள்ளத்தான்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அந்த ரேகை கரைந்த வாளித் தண்ணீரையும் அண்ணன் மத்தியானமே கால்வாயில் ஊற்றியிருந்தார். “அண்ணன்கிட்ட நான் சொல்றேன்” என்று திரும்பினேன். அண்ணி ஈரக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். “சொன்னே, உங்க அண்ணன் செத்துருவாரு. வாயத் திறக்காதே” என்றார். என் நீளமான வாயை நான் மூடிக்கொண்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

கல்லறைக்கு ராக்கெட் போகவில்லை. அண்ணனே மனதை மாற்றிக்கொண்டார். மழையில் நனைந்து சாயம் கெட்டுவிடுமாம். அலமாரியில் வைத்தார். அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் அதை எடுத்துக் கையில் கொடுப்பார். “என் மகன் செஞ்சது” என்றுதான் சொல்வார், தன் பெயரை ஒருநாளும் சேர்த்துக்கொண்டதில்லை. “தடவிப் பாருங்க, ஒரு குறை இருக்காது.” அவர்கள் தடவிப் பார்ப்பார்கள். அண்ணி தேத்தண்ணீர் கலக்கப் போய்விடுவார். எத்தனை வருடம் இதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்! சில நாள் அண்ணன் மேல் கொலைவெறி வரும். அடுத்த நிமிடமே அவர் ராக்கெட்டை உள்ளே வைத்துக் கண்ணாடியைத் துடைக்கிற துடைப்பைப் பார்த்தால் அழுகை வரும்.

போன வருடம் அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார். சத்தமில்லாமல் போனார், அந்த மட்டும் அவருக்குக் கொடுத்து வைத்திருந்தது. கடைசிவரை அவருக்கு ஒன்றும் தெரியாது.

இப்போது வீட்டில் நானும் அண்ணியும் மட்டும்தான். அண்ணன் மகனோடு அந்தக் காலத்தில் சிங்கப்பூருக்கு ஒன்றாக மோட்டார் ஓட்டிப் போன நண்பன், சென்ற வாரம் தன் கல்யாணப் பத்திரிகையோடு வந்தான். தலையில் இரண்டு நரை தெரிந்தது. அலமாரியைப் பார்த்ததும் எழுந்துபோய், “ஆன்ட்டி, இது அவன் செஞ்ச ராக்கெட்தானே? அங்கிள் எனக்குக் காட்டியிருக்காரு” என்றான்.

அண்ணி பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இல்ல தம்பி. அது அங்கிள் செஞ்சது. அவனோடது அதுல ஒண்ணும் இல்ல.”