பாக்கியத்தின் பெட்டி

மலேசியாவின் லாபிஸ் ஊரில் புஷ்பவள்ளியை முதன்முதலில் பாக்கியம் என்று கூப்பிட்டவன், மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்க வரும் மனோகரன். "என்ன பாக்கியம்கா, மக எங்க?" என்று வாசலில் ஹார்ன் அடித்துக்கொண்டே கேட்டான். அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. வேண்டாத ஒரு பாக்கெட் ரொட்டியைச் சேர்த்து வாங்கினாள்.

பாக்கியம் தொலைக்காட்சியில் வருகிறவள். மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்வாள். கூடமாட மகள். வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு பாக்கியம் திட்டுவது உலகத்தில் யாருக்கும் புரியாது. மகள் மட்டும் வரிக்கு வரி பதில் சொல்வாள். 'பாக்கியம் அண்ட் மகள்' என்று பெயர். சனிக்கிழமை சாயந்திரம் அரை மணி நேரம். கோலாலம்பூரில் உட்கார்ந்து அதை எழுதுகிறவள் புஷ்பவள்ளியின் ஒரே மகள் ரூபினி. பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து அம்மாவோடு கல்யாண வீடு கல்யாண வீடாகப் போய் ஊசியும் பூவும் எடுத்துக்கொடுத்தவள். அவளுக்குத் தெரிந்ததைத்தான் எழுதினாள்.

சனிக்கிழமைகளில் புஷ்பவள்ளியின் வீட்டுக் கூடம் நிறைந்துவிடும். அடுத்த வரிசை வீட்டு இந்திராணி, அவள் மகள் சாந்தினி, இன்னும் அந்தத் தாமான் குடியிருப்பில் இருந்த நாலைந்து பெண்கள். "யக்கா, இது அப்படியே நீங்கதான்!" என்று தொடையில் அடித்துச் சிரிப்பார்கள். தொலைக்காட்சிக்குள்ளும் சிரிப்பு கேட்கும். யாரோ எங்கேயோ எப்போதோ சிரித்ததைப் பிடித்துவைத்து, வேண்டிய இடத்தில் ஒட்டிவிடுவார்கள் என்று ரூபினி சொல்லியிருந்தாள்.

புஷ்பவள்ளி பெக்கோக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். எண்ணெய் காணாத தலையையும் பணிய வைக்கிற கை அவளுக்குச் சின்ன வயதிலேயே இருந்தது. புருஷன் சதாசிவத்துக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. வருவான், தூங்குவான், போவான். ஆனாலும் கழுத்தில் தாலி இருந்தது. மணப்பெண்ணைத் தொட அதுதான் முதல் தகுதி. கைத்திறமையெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இன்னொரு வேலையும் அவளிடம் வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டுக் காளியம்மா ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்து இறந்தபோது, தலைமுடி கயிறு மாதிரி சடைபிடித்துப்போயிருந்தது. வெட்டிவிடலாம் என்றார்கள் மகள்கள். "இருங்கடி," என்று தேங்காய் எண்ணெயோடு உட்கார்ந்தாள் புஷ்பவள்ளி. சிக்கெடுத்து, பின்னி, பூ வைத்து, மஞ்சள் பூசி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்தாள். மகள்கள் அம்மாவை அடையாளம் கண்டதுபோல் அப்போதுதான் வாய்விட்டு அழுதார்கள். அதிலிருந்து, சுற்று வட்டாரத்தில் சுமங்கலி யாராவது போய்ச் சேர்ந்தால் அவளுக்குத்தான் ஆள் வரும்.

அதற்கென்று தனிப் பெட்டி வைத்துக்கொண்டாள். தூண்டில் சாமான் போட்டுவைக்கிற பச்சைப் பிளாஸ்டிக் பெட்டி. தனிச் சீப்பு, தனிப் பவுடர், தனி நூல். அந்தப் பெட்டி வீட்டுக்குள் வந்ததே கிடையாது; பின்கட்டுக் கொட்டகையில் இருக்கும். சாவு வீட்டுக்குப் போய்வந்தால் தலைமுழுகி, தீட்டுக் கழிகிற வரை கல்யாண வேலையைத் தொடமாட்டாள். காய்ச்சல் என்று சொல்லிவிடுவாள். கல்யாண வீட்டுக்காரர்களும் என்ன காய்ச்சல் என்று கேட்டதில்லை. ஊருக்குத் தெரியாமல் இல்லை. ஊர் அதைப் பேசாமல் இருந்தது. அந்தப் பேசாமையின் மேல்தான் அவள் பிழைப்பு நின்றுகொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை, தொலைக்காட்சியில் பாக்கியம் சாவு வீட்டிலிருந்து கல்யாண வீட்டுக்கு ஓடினாள். கையில் சாவு வீட்டில் திறந்த அதே பெட்டி. அதிலிருந்த பவுடரை மணப்பெண்ணின் கன்னத்தில் அப்பினாள்.

"ஆன்ட்டி, இந்தப் பவுடர் ஏன் சில்லுனு இருக்கு?"

"இதுக்கு முன்னாடி போட்டவங்க ஒண்ணும் கம்ப்ளெயிண்ட் பண்ணலியே!"

கூடத்தில் முதலில் சிரித்தது புஷ்பவள்ளிதான். அடக்க முடியாமல் சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். தொலைக்காட்சி மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. புஷ்பவள்ளி திரும்பிப் பார்த்தாள். முந்தின நாள்தான் சாந்தினிக்குக் கல்யாண அலங்காரத்தை ஒத்திகை பார்த்திருந்தாள். சாந்தினி தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே இந்திராணி தனியாக வந்தாள். உட்காரவில்லை.

"யக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. மூவார்லேர்ந்து ஆளு வருதாம். பேக்கேஜாம். போட்டோவும் சேத்து."

"யாரு ஏற்பாடு பண்ணது?"

"மாப்பிள்ள வீட்டுலதான்."

"இந்திரா, எனக்கு ரெண்டு பெட்டி. பச்சப் பெட்டி இந்த வாசப்படி தாண்டுனதில்ல."

"தெரியும்கா. எங்க மாமியாருக்கு நீங்கதானே பண்ணீங்க. அந்தப் பெட்டியைத்தான் கொண்டாந்தீங்க."

"அப்பறம் என்னலா?"

"எனக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும். யாரும் பேசலியேக்கா. இப்ப சம்பந்தியம்மா போன் போட்டுச் சிரிக்கிறாங்க. 'உங்க ஊரு பாக்கியந்தான் வராங்களா, எம்மருமகளுக்குச் சளி புடிச்சுக்குமே'ன்னு. நான் என்னத்தச் சொல்ல?"



"விருந்துக்குக் கட்டாயம் வந்துருங்கக்கா," என்று சொல்லிவிட்டுப் போனாள் இந்திராணி.

அலங்காரத்துக்குச் சொல்லிவைத்திருந்த மற்றவர்கள் வீடு வரை வரவில்லை. சிகாமட் கல்யாணம் ஜோகூர் பாருவுக்கு மாறிவிட்டது என்றார்கள். லாயாங் லாயாங் ஊர்ப் பெண்ணின் அண்ணன், தங்கச்சியே மேக்கப் படித்திருக்கிறாள் என்றான். எல்லாரும் மரியாதையாகவே பேசினார்கள். யாராவது ஒருவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள்.

ரூபினி லீவில் வந்தாள். காரிலிருந்து இறங்கும்போதே கத்திக்கொண்டு வந்தாள்.

"ம்மா! ரெண்டாவது சீசன் குடுத்துட்டாங்க!"

"ஒரே பெட்டின்னு ஏன் எழுதுன?"

"என்னது?"

"பச்சப் பெட்டி வேற, கல்யாணப் பெட்டி வேற. ஒனக்குத் தெரியாது?"

"அலமாக்! ம்மா, அது நீங்க இல்ல. பாக்கியம்."

"ரொட்டிக்காரன் என்னை என்னன்னு கூப்புடுறான், கேட்டுட்டு வா."

"நீங்கதானே போன்ல சொன்னீங்க, பவுடர் ஜோக்கு நல்லா இருந்துச்சுன்னு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. சாந்தினி கல்யாணம் போச்சு. சிகாமட் போச்சு. லாயாங் லாயாங் போச்சு."

ரூபினி பையைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு பெட்டின்னா சிரிப்பு வராதும்மா. ஒரு பொம்பள எல்லாத்தையும் பிரிச்சு வச்சு ஒழுங்கா இருக்கான்னா, அதுல என்ன கதை இருக்கு?"

"ஒழுங்கா இருந்துதாண்டி ஒன்னைப் படிக்க வச்சேன். நீ சாவு வீட்டுக்குள்ள வந்ததே இல்ல. கார்லயே உக்காந்துருப்ப. உள்ள நான் என்ன பண்றேன்னு ஒனக்கு என்ன தெரியும்?"

"பயமா இருக்கும்மா. நீங்க வெளிய வந்து கை கழுவுற வரைக்கும் ஒங்க மூஞ்சியப் பாக்கமாட்டேன். சிரிப்பா எழுதுனாதான் அந்தப் பயம் போவுது."

இதை ரூபினி இதுவரை சொன்னதில்லை. புஷ்பவள்ளி மகளைப் பார்த்தாள். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் போனது.

"ஒண்ணே ஒண்ணு பண்ணு. டிவில சொல்லிடு. பாக்கியத்துக்கு ரெண்டு பெட்டி, ரெண்டும் வேற வேறன்னு. டிவி சொன்னா இவங்க நம்புவாங்க."

"சொல்றேம்மா. மொதல் எபிசோட்லயே சொல்லிடுறேன். சத்தியமா."

அந்தச் சத்தியத்தை வைத்துக்கொண்டு புஷ்பவள்ளி கொஞ்ச காலம் ஓட்டினாள். சாந்தினி கல்யாணத்துக்குப் போனாள். ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டி ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. கை துறுதுறுத்தது. எழுந்து போகவில்லை. பந்தியில் பக்கத்தில் இருந்தவர்களிடம், "அடுத்த சீசன்ல பாருங்க, எம்மக எல்லாத்தையும் தெளிவாச் சொல்லிடுவா," என்றாள். அவர்கள் தலையாட்டினார்கள்.

அடுத்த சீசன் வந்த சனிக்கிழமை கூடத்தில் அவள் மட்டும்தான் இருந்தாள். இந்திராணியைக் கூப்பிட்டிருந்தாள்; அவள் வீட்டில் விருந்தாளி என்று சொல்லியனுப்பிவிட்டாள்.

ரூபினி வாக்குத் தவறவில்லை. முதல் காட்சியிலேயே பாக்கியம் கல்யாணப் பெட்டியையும் பச்சைப் பெட்டியையும் எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டினாள். "எனக்கு ரெண்டு பெட்டி! ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொடாது!" என்று மார்பில் அடித்துச் சொன்னாள். அதற்கே சிரிப்பு எழுந்தது. அடுத்த காட்சியில் மகள் பெட்டிகளை மாற்றி எடுத்துப் போனாள். செத்துப்போன ஆயாவுக்கு ஒட்டியாணமும் ராக்கொடியும் ஏறின. கல்யாணப் பெண் மூக்கில் பஞ்சோடு மணவறைக்கு வந்தாள். சிரிப்பு ஓயவே இல்லை. முதல் சீசனில் இவ்வளவு நீளமான சிரிப்பை அவர்கள் ஒட்டியதில்லை.

முடிந்ததும் போன் வந்தது.

"பாத்தீங்களாம்மா? சொன்ன மாதிரியே போட்டுட்டேன்."

குரலில் விளையாட்டு இல்லை. உண்மையாகவே நல்லது செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தேன்."

"நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அதன் பிறகு கல்யாணம் என்று யாரும் அவளைத் தேடவில்லை. பச்சைப் பெட்டிக்கு மட்டும் வேலை இருந்தது. அதற்குப் பேக்கேஜ் போட்டு யாரும் மூவாரிலிருந்து வருவதில்லை. போதும், இதையாவது பார்த்துக்கொள்வோம் என்று இருந்தாள்.

பெக்கோக்கில் ஐயாசாமியின் மனைவி இறந்துபோனபோது போன் செய்தது அவர்களுடைய மூத்த மகள். காலையிலேயே தன் கஞ்சில் காரில் போய்விட்டாள் புஷ்பவள்ளி. கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் பெண்கள். உட்கார்ந்து, சிக்கெடுத்து, பாதித் தலை வாரியிருப்பாள். பவுடர் எடுக்கப் பச்சைப் பெட்டியின் மூடியைத் திறந்தாள்.

பின்னாலிருந்து ஒரு சின்னப்பெண் மெல்லச் சொன்னாள். "பாக்கியம்."

மூத்த மகளின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்றுதான் புஷ்பவள்ளி முதலில் நினைத்தாள். மகள் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள். அதையும் மீறி வந்தது. அது சிரிப்பு. அழுது வீங்கிய கண்ணோடு, பெற்ற தாயின் காலடியில், நிறுத்தத் தெரியாமல் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவளுக்கும் தொற்றியது. அவளுக்கு அடுத்தவளுக்கும். யாருக்கும் சிரிக்க விருப்பமில்லை. எல்லாரும் சிரித்தார்கள்.

வெளியே பந்தலில் பேச்சு நின்றது. ஐயாசாமி உள்ளே வந்தார்.

"என்ன சிரிப்பு இங்க?"

மூத்த மகள் முகத்தை மூடிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். அங்கிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. ஐயாசாமி மகள் போன பக்கம் பார்க்கவில்லை. புஷ்பவள்ளியைப் பார்த்தார்.

"இவங்கள யாரு கூப்புட்டது?"



"அண்ணே," என்றாள் புஷ்பவள்ளி. "பாதித் தலைதான் ஆயிருக்கு. இப்படியே விடக்கூடாது. முடிச்சுட்டுப் போயிடுறேன்."

அவர் நின்றார். பிறகு வெளியே போய்விட்டார்.

தலையைத் தூக்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். புஷ்பவள்ளி சுற்றிலும் பார்த்தாள். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். கிட்டே வந்தால் மறுபடியும் சிரித்துவிடுவோம் என்ற பயம் அவர்கள் முகத்தில் இருந்தது. அவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, தலையைத் தன் மடியில் ஏற்றிக்கொண்டாள். கனமாக இருந்தது. முடியை மூன்றாகப் பிரித்துப் பின்னினாள். பூ வைத்தாள். குங்குமம் வைத்தாள். பொட்டு வட்டமாக வந்திருக்கிறதா என்று காட்டிக் கேட்க யாரும் இல்லை.