தெப்பத்தில் சத்தம் போதவில்லை

கிருத்திகைத் தெப்பம் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. திருத்தணியில் காவடிக் கூட்டமெல்லாம் வடிந்துவிட்டது. என் தலைக்குள் மட்டும் இன்னும் ஒரு ஸ்பீக்கர் கத்திக்கொண்டே இருக்கிறது. உங்களிடம் சொன்னாலாவது நிற்குமா பார்க்கிறேன்.

என் அக்கா வீட்டுக்காரர் மைக் செட் வைத்திருக்கிறார். ஆந்திரா எட்டிப் பார்க்கிற ஊர் என்பதால் எங்களுக்கு அவர் அத்தான் இல்லை... பாவா. கல்யாணம், காது குத்து, கட்சிக் கூட்டம் - எதற்கு வேண்டுமானாலும் செட் கட்டுவார். ஆனால் அவர் பெருமைப்படுவது ஒன்றுக்குத்தான். சரவணப் பொய்கையில் தெப்பம் சுற்றும் மூன்று நாளும் சாமியோடு தெப்பத்தில் ஏறுவது அவருடைய செட்.

இந்த வருஷம் முதல் நாளே சொதப்பல். தெப்பத்துக் கோபுரத்தின் உச்சியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர். கீழே லாரி பேட்டரியில் ஓடுகிற ஆம்ப்ளிஃபயர். நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப ஊதுகிறார் - கரையில் நிற்பவர்களுக்குப் பக்கத்துத் தெருக் கல்யாணம் மாதிரிதான் கேட்கிறது.

தெப்பம் கரை சேர்ந்ததும் விழாவைக் கவனிக்கும் பெரியவர் ஒருவர் வந்தார். பாவா தெப்பத்துக்குள் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்ததால் என்னிடம் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"போன வருசமும் இதே கததாங்க. நாளைக்கும் இப்டினா, அடுத்த வருசம் வேற ஆள பாத்துக்கறோம். தப்பா நெனச்சிக்காதீங்க."

வீட்டுக்குப் போகும் வழியில் பாவாவிடம் சொன்னேன். ஒயர்ச் சுருளை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "தெப்பம் பூட்ச்சினா நானு இன்னாபா? சும்மா கல்யாண செட்டுக்காரன்" என்றார்.

மறுநாள் மத்தியானமே பொய்கைக்குப் போய்விட்டோம். அங்கே எனக்கு ஒரு உத்தியோகம் உண்டு. குழாய்க்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் கரையில் எப்படிக் கேட்கிறது என்று தெரியாது இல்லையா? அதனால் நான் எதிர்க்கரைப் படியில் துண்டோடு நிற்பேன். துண்டைத் தூக்கினால் சத்தம் போதவில்லை. இறக்கினால் குறைக்க வேண்டும். தோளில் போட்டுக்கொண்டால் சரியாக இருக்கிறது. செல்போன் வந்த பிறகும் எங்களுக்குத் துண்டுதான்.

பேட்டரியை மாற்றினார். துண்டைத் தூக்கினேன். பொதட்டூர்பேட்டை சிநேகிதர் ஒருவர் தன் ஆம்ப்ளிஃபயரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து கொடுத்தார். அதைப் போட்டும் துண்டைத் தூக்கினேன். மைக்கை மாற்றினார்... துண்டு இறங்கவே இல்லை.

கடைசியில் ஒரு குழாயைச் சோதிக்கலாம் என்று அதன் ஒயரைக் கழற்றினார். ஒன்று போனால் சத்தம் குறையத்தானே வேண்டும்? கூடியது! கரையைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

"பாவா, ஒண்ண கயட்டுனா ஜாஸ்தியா கேக்குது."

"ஜாஸ்தியா? எனக்கு ஒண்ணும் தெரிலியே."

குழாய்க்குப் பின்னால் இருக்கிறார், எப்படித் தெரியும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

கோளாறு அதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. சாமி வரும் தெப்பத்தில் கறுப்பு ஒயர் கண்ணில் படக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் மஞ்சள் துணி சுற்றுவது இங்கே வழக்கம். பிளஸ் எது, மைனஸ் எது என்று அவர் போட்டிருந்த அடையாளம் துணிக்குள் போய்விட்டது. போன வருஷம் ஒரு குழாயைக் கழற்றி மாட்டியபோது ஒயர் மாறியிருக்கிறது. ஒன்று காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுக்கும். ஒன்றின் சத்தத்தை மற்றது தின்றுவிடும். அண்ணன் தம்பி சொத்துத் தகராறு மாதிரிதான், இரண்டு பேரும் கத்துவார்கள், வெளியே ஒன்றும் தேறாது.

ஒயரை மாற்றிக் கட்டினார். சாயங்காலம் தெப்பம் புறப்பட்டது. நாதஸ்வரம் அப்படியே பொய்கை முழுக்க நிரம்பியது. நான் நிம்மதியாகத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டேன்.

பாவா சத்தத்தைக் கூட்டினார்.

துண்டை இறக்கினேன். இன்னும் கூட்டினார். என் பக்கத்தில் நின்ற பெண் கைக்குழந்தையின் காதைப் பொத்தி, "காது கியிஞ்சிடும் போலகீதே" என்றாள். துண்டை முழங்கால் வரை இறக்கி ஆட்டினேன். தெப்பம் திரும்பும்போது அவர் முகம் தெரிந்தது. முதல் நாள் இருந்த அதே கவலை. கடைசியில் நாதஸ்வரக்காரரே குனிந்து பட்டனைத் திருகிக் குறைத்தார். பாவா அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

டிவியை இவ்வளவு சத்தமாக வைக்கிறாரே, பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருகிறார்கள் என்று அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. காது நன்றாக இருந்திருந்தால், போன வருஷம் டெஸ்டிங்கிலேயே இதைப் பிடித்திருப்பார்.

நம் ஊரில் கண்ணாடி போட்டால் படித்தவர் என்கிறோம். காதில் மெஷின் வைத்தால்? செவிடன் என்கிறோம். அப்புறம் எவன் டாக்டரிடம் போவான்? அதிலும் மைக் செட்காரர் அந்த மெஷினோடு நின்றால் யார் செட் கட்டச் சொல்வார்கள்? அதனால் பேட்டரியை மாற்றுகிறோம், ஆம்ப்ளிஃபயரை மாற்றுகிறோம். டிவியின் தலையில் தட்டுகிறோம்.

தெப்பம் நின்றதும் அந்தப் பெரியவர் தட்டோடு வந்தார். வெற்றிலை பாக்கு, தேங்காய், சாமி கழுத்திலிருந்து வந்த மாலை. தட்டு கைக்கு வந்தால் அடுத்த வருஷமும் நீங்கள்தான் என்று அர்த்தம்.

"அக்கர வரைக்கும் கணீர்னு கேட்டுச்சிங்க. இனிமே நீங்கதாங்க" என்றார் பாவாவுக்கு நேராக.

பாவா இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். பெரியவரின் வாயையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக,

"இன்னாபா சொல்றாரு?" என்றார்.

நன்றாகக் கேட்டதாம் என்பதை அவர் காதில் நான் கத்திச் சொன்னேன்.